கையால செஞ்ச லூருக்கு எந்த மினுக்கு நிக்கும்: ஃபாயிலா, ஏசி டேப்பா, குரோம் ஸ்பிரேயா?

தடைக்காலம் வந்துட்டா நம்ம கடலூர், புதுச்சேரி பக்கம் தூண்டில் ராடு போடுற பசங்களுக்கு கை சும்மா இருக்காது. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகெல்லாம் கட்டிக் கெடக்கும், கரையில நின்னு தூண்டில் போடுறவங்களுக்கு அந்தத் தடை இல்லதான், ஆனா வெயில் மண்டையப் பொளக்கும், பகல்ல தண்ணிக்குப் போக முடியாது, அதனால திண்ணையில உக்காந்து மரத்துல லூர், அதாவது மீன் மாதிரி செஞ்சு கொக்கி மாட்டுற பொய் இரை, செதுக்குறதுதான் வேலை. அரியாங்குப்பத்துல இருந்து ஒரு தம்பி போன வாரம் ஃபோன் பண்ணான், குமிழ் மரத்துல எட்டு லூர் செதுக்கி உப்புத்தாள் போட்டு சீலர் அடிச்சு வெள்ளையா வச்சிருக்கேன் அண்ணே, இப்ப பளபளப்புக்கு குரோம் ஸ்பிரே வாங்கட்டுமா, இல்ல ஹாலோகிராம் ஸ்டிக்கர் ஒட்டட்டுமான்னு கேட்டான். ரெண்டும் வேணாம் கொஞ்சம் பொறுன்னேன். ஏன்னு ஃபோன்ல சொல்லி முடியல, அதான் எழுதுறேன், இதே குழப்பத்துல இன்னும் நாலு பேர் இருப்பாங்க.

முதல்லயே என் முடிவ சொல்லிடுறேன். உப்பனாறு, சுண்ணாம்பாறு, தாழங்குடா முகத்துவாரம் மாதிரி நம்ம உப்பங்கழித் தண்ணிக்கு, கொடுவா, செப்பிலி, பாறை மீன மனசுல வச்சு செய்யுற மர லூருக்கு, ஏசி டக்ட்ல ஒட்டுற அலுமினிய டேப்தான் சரி. அதையும் வழவழன்னு அப்படியே ஒட்டாம செதில் மாதிரி வரி பதிச்சு ஒட்டணும், மேல எபாக்சி (ரெண்டு பாகம் கலந்து பூசுற தெளிவான பிசின்) ரெண்டு கோட். மத்தது எல்லாத்துக்கும் ஒவ்வொரு இடம் இருக்கு, அதையும் சொல்றேன்.

ஒட்டுறதுக்கு முன்னாடி எந்த மாதிரி பளபளப்பு வேணும்னு ஒரு தடவ மீனையே கையில எடுத்துப் பாத்துடுங்க. விடியகாலைல துறைமுகத்துல ஏலத்துக்குக் கொட்டி வச்சிருக்குற கவலை மீனு ஒண்ணு எடுத்துக்குங்க. முதுகு கரும்பச்சை, விலாவுல வெள்ளி, ஆனா அது முகம் பாக்குற கண்ணாடி வெள்ளி இல்ல. லேசா சாய்ச்சா நாலஞ்சு செதில் மட்டும் பளிச்சுங்கும், மத்தது மங்கிடும், இன்னும் கொஞ்சம் சாய்ச்சா வேற நாலு செதில். கட்டைவிரலால தேய்ச்சா செதில் உரிஞ்சு விரல்ல ஒட்டிக்கும், அந்த ஒத்த செதில்ல கூட ஓரத்துல ஊதாவும் பச்சையும் ஓடும். மீன் தோல்ல குவானின்னு ஒரு பொருள் மெல்லிசு மெல்லிசு படிகத் தகடா அடுக்கடுக்கா இருக்கு, வெளிச்சம் அதுல பட்டுத் திரும்புறதுதான் அந்த மினுக்கு. நல்லா நீந்துற மீனுக்கு அந்த வெள்ளி ஒளிஞ்சுக்கத்தான் உதவுது, சுத்தி இருக்குற தண்ணி நிறத்தையே திருப்பிக் காட்டும், பெரிய மீனு கண்ணுக்கு மறைஞ்சிடும். அடிபட்ட மீனு பொரளும்போதுதான் பளிச் பளிச்சுனு விட்டு விட்டு மின்னும், கொடுவா பாயுறது அந்த விட்டு விட்டு வர்ற மின்னலுக்குத்தான். அதனால நமக்கு வேண்டியது கண்ணாடி இல்ல, ஒடைஞ்ச கண்ணாடி. இத மனசுல வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா பாருங்க.

சமையலறை ஃபாயில்ல இருந்து ஆரம்பிக்கலாம், ஏன்னா உலகத்துல பேர் போன லூரே இதுலதான் ஆரம்பிச்சிருக்கு. ஃபின்லாந்துல லவுரி ரப்பாலாங்கற மீனவர் 1936ல தக்கைய செதுக்கி, சாக்லேட் சுத்தி வர்ற வெள்ளித்தாள மேல ஒட்டி, பழைய ஃபோட்டோ நெகட்டிவ உருக்கி அதையே கிளியர் கோட்டா, அதாவது நிறமில்லாத மேல்பூச்சா பூசி முதல் லூர செஞ்சாரு. கையில கெடச்சத வச்சு செஞ்சதுதான். நம்ம வீட்டு ஃபாயில் ரொம்ப மெல்லிசு, சாதாரணமா 11 மைக்ரான் பக்கம், அதுதான் அதோட நல்லதும் கெட்டதும். நல்லது என்னன்னா எந்த வளைவுலயும் படியும், எடையே தெரியாது, தலைப்பக்கம் உருண்டையா வந்தாலும் ஐஸ் குச்சியால தேய்ச்சுத் தேய்ச்சு மடிப்ப அமுக்கிடலாம். கெட்டது, பசை நாமதான் தடவணும், பசையில ஒரு தூசி இருந்தாலும் பரு மாதிரி மேல தெரியும், விரல் நகம் பட்டா கிழியும். ஃபெவிகால் மாதிரி தண்ணிப் பசை போட்டா ஃபாயிலுக்கு அடியில அது லேசுல காயாது, ஒரு பக்கம் உலோகம் இன்னொரு பக்கம் சீலர் அடிச்ச மரம், ஈரம் எங்க போகும். ரெண்டு பக்கமும் தடவி காயவிட்டு ஒட்டுற ரப்பர் டைப் கான்டாக்ட் பசைய தின்னர் விட்டு தண்ணியாக்கி பிரஷ்ல தடவுங்க, கால் மணி நேரமாவது வாசனை போற வரைக்கும் விட்டுட்டு அப்புறம் ஒட்டுங்க, அவசரப்பட்டா மாட்டிக்கிட்ட தின்னர் வெயில்ல கொப்புளம் கொப்புளமா கெளம்பும். பளபள பக்கம் வெளிய வரணுமா மங்கல் பக்கம் வரணுமான்னு நெறைய பேர் கேக்குறாங்க, ஃபேக்டரில கடைசி தடவை ரெண்டு தகட சேர்த்து உருளையில விடுவாங்க, உருளைய தொட்ட பக்கம் பளபளன்னும் தகடும் தகடும் தொட்ட பக்கம் மங்கலாவும் வருது, மத்தபடி ரெண்டும் ஒரே உலோகம்தான், வரி பதிச்ச பிறகு தண்ணில எனக்கு வித்தியாசம் தெரியல. முதல் தடவ லூர் செய்யுறவங்க, சின்னப் பசங்கள கூட உக்கார வச்சு செய்யுறவங்க ஃபாயில்லயே ஆரம்பிக்கலாம், கெட்டாலும் காசு போகாது.

இப்ப டேப். கடலூர் லாரன்ஸ் ரோட்டு ஹார்டுவேர் கடையிலயும் கெடைக்கும், ஏசி ஸ்பேர் விக்குற கடையில கண்டிப்பா இருக்கும், அலுமினிய ஃபாயில் டேப்புன்னு கேளுங்க, வெள்ளிக் கலர்ல பிளாஸ்டிக் டேப்பும் துணி டேப்பும் இருக்கு, அத எடுத்துக் குடுத்துடுவாங்க. சந்தேகம்னா ஓரத்த மடிச்சுப் பாருங்க, மடிச்ச மாதிரியே நின்னா அது உலோகம், திரும்ப நிமிந்தா பிளாஸ்டிக். பசை ஏற்கனவே இருக்கு, பின்னாடி மஞ்சளோ வெள்ளையோ பேப்பர் இருக்கும், பேப்பரோட வர்றதாவே வாங்குங்க, வரி பதிக்க அது கட்டாயம் வேணும். 25 மீட்டர் ரோல்னா 9 சென்டிமீட்டர் லூருக்கு பக்கத்துக்கு 10 சென்டி வீதம் 20 சென்டி போகும், வேஸ்ட் போனாலும் நூறு லூர் தாண்டி வரும், அதாவது ஒரு லூருக்கு ஆகுற செலவு டீ காசு கூட இல்ல.

வரி பதிக்குறது எப்படின்னா, பேப்பர உரிக்காம டேப்ப ஒரு பாதி தேய்ஞ்ச அரத்து மேல வெள்ளிப்பக்கம் மேல பாத்து வைங்க, வழவழன்னு இருக்குற எவர்சில்வர் கரண்டியோட குழி முதுகால நிதானமா ஒரே திசையில தேய்ங்க. அரத்தோட வரி டேப்ல எழும்பி வரும். டேப்ப கொஞ்சம் திருப்பி வச்சு இன்னொரு தடவ தேய்ச்சா கோடும் கோடும் வெட்டி சின்னச் சின்ன சாய்சதுரமா செதில் விழும். ரொம்ப அழுத்தாதீங்க, கிழிஞ்சிடும், அழுத்தம் பத்தலன்னாலும் எபாக்சி வரிய முழுங்கிடும், அந்தப் பதம் நாலஞ்சு துண்டு வீணாக்குனாத்தான் கைக்கு வரும். அரம் இல்லன்னா நைலான் கொசுவலைய இழுத்து மேசை மேல ஒட்டி அதுமேல தேய்க்கலாம், வரி லேசா வரும் ஆனா உருண்டையா அழகா இருக்கும். பதிச்சத ராத்திரி டியூப்லைட்டுக்குக் கீழ புடிச்சு ஆட்டிப் பாருங்க. பதிக்காத டேப்ல ஒரே ஒரு நீளக்கோடு வெளிச்சம் சட்டுனு வந்து சட்டுனு போகும், பதிச்சதுல பொட்டுப் பொட்டா வெளிச்சம் தலையில இருந்து வால் வரைக்கும் ஓடும். அந்தக் கவலை மீனு கையில பொரண்ட மாதிரியே.

ஒட்டுறதுல ரெண்டு விஷயம் சொல்லணும். டேப் ஃபாயில விட மூணு நாலு மடங்கு தடிப்பு, அதனால தலை வளைவுல மடிப்பு விழும், அந்த எடத்துல மட்டும் ஓரத்துல சின்ன சின்னதா ஆப்பு மாதிரி வெட்டி விடுங்க, வெட்டுனது முதுகுலயும் வயித்துலயும் வந்தா மேல பெயிண்ட் மறைச்சிடும். ரெண்டாவது, கொக்கி மாட்டுற கம்பி வளையத்த டேப் தொடக்கூடாது, சுத்தி 2 மில்லிமீட்டராவது விட்டு வெட்டுங்க. அலுமினியமும் எவர்சில்வரும் உப்புத் தண்ணில ஒண்ணையொண்ணு தொட்டா அலுமினியம்தான் அரிக்கும், வளையத்துகிட்ட ஒரு ஊசி ஓட்டை வழியா உப்பு உள்ள போச்சுன்னா கொஞ்ச நாள்ல வெள்ளை மாவு மாதிரி பூத்து டேப் கருத்துடும். எடைய பத்தி பயப்படுறாங்க, கணக்குப் போட்டுப் பாத்தேன், 9 சென்டி லூர் மேல்பரப்பு 60 சதுர சென்டினு வச்சா 40 மைக்ரான் அலுமினியம் அரை கிராமுக்கு சத்து மேலதான், பசையோட சேர்த்தாலும் ஒரு கிராம தாண்டாது. ரெண்டு கோட் எபாக்சிதான் அத விட அதிகம், 2 கிராம் பக்கம் வந்துடும். அதனால ஈயம் வச்சு பேலன்ஸ் பாக்குறப்ப அந்த எடைக்கு ஈடா எதையாவது கட்டிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க, இல்லன்னா மிதக்க வேண்டிய லூர் மெல்ல அடியில உக்காந்துடும்.

குரோம் ஸ்பிரே மேல எல்லாருக்கும் ஆசை, எனக்கும் இருந்துச்சு. டப்பா மூடியில இருக்குற பளபளப்பப் பாத்து வாங்கி, கறுப்பு பேஸ் அடிச்சு, உப்புத்தாள் போட்டு, மேல குரோம் அடிச்சேன். அடிச்ச அன்னிக்கு முகம் தெரிஞ்சுது. மறுநாள் கிளியர் அடிச்சேன், கண்ணு முன்னாடியே சாம்பல் கலராச்சு, பழைய அலுமினியக் குண்டான் மாதிரி. நாலு லூர், ரெண்டு வார வேலை, ரொம்ப மனசு கஷ்டமா போச்சு. அப்புறம்தான் காரணம் புரிஞ்சுது. அந்த பெயிண்ட் உள்ள பொடிப்பொடியா அலுமினியச் செதில் இருக்கு, காயுறப்ப அதெல்லாம் மேல மிதந்து வந்து நாட்டு ஓடு வேஞ்ச மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு படுத்துக்குது, அந்த வரிசைதான் கண்ணாடியா தெரியுது. மேல கிளியர் ஊத்துனா அதுல இருக்குற தின்னர் ஓட்ட எல்லாம் கலைச்சு விட்டுடுது. தண்ணி கலந்து அடிக்குற கிளியரா பாத்து, குரோம் அடிச்சு நாலஞ்சு நாளாவது காயவிட்டு, பனி மாதிரி மெல்லிசா பல தடவ அடிச்சா ஓரளவு தப்பும், அப்பவும் முதல் நாள் பளபளப்பு வராது. கிளியரே அடிக்காம விடலாமான்னா விரல் வியர்வை பட்டே போயிடும், கழித் தண்ணிக்கும் மீன் பல்லுக்கும் எங்க நிக்கும். அதுலயும் ஐப்பசி கார்த்திகை மழைல நம்ம ஊர் ஈரக்காத்துல லாக்கர் டைப் எது அடிச்சாலும் வெள்ளையா பூத்துக்கும். கடையில வாங்குற லூர்ல மட்டும் எப்படி அப்படி வருதுன்னா, அது பெயிண்ட் இல்ல, காத்த உறிஞ்சி எடுத்த அறைக்குள்ள அலுமினியத்த ஆவியாக்கிப் படிய வைக்குறாங்க, வீட்டுல ஆகாத வேலை. குரோம் ஸ்பிரே வேணும்னா பூண்டு வர்ற வலைப்பைய லூர் மேல இழுத்துக் கட்டி, ஏற்கனவே ஒட்டுன டேப் மேல முதுகுப்பக்கம் லேசா நிழல் விடப் பயன்படுத்திக்குங்க, கட்டம் கட்டமா செதில் விழும், அந்த வேலைக்கு அது நல்லது, ஆனா அதுக்கு சாதா கறுப்பு ஸ்பிரேயே போதும்.

ஹாலோகிராம் ஸ்டிக்கர் அழகு, அதுல மறுபேச்சு இல்ல. ஒரே வெளிச்சத்துல ஏழு கலர் அடிக்கும். ஆனா பிளாஸ்டிக் ஃபிலிம் நீளவும் நீளாது சுருங்கவும் சுருங்காது, ஒரு பக்கம் வளையும், ரெண்டு பக்கம் ஒரே நேரத்துல வளையச் சொன்னா மடிஞ்சு நிக்கும். அதனால உருண்ட உடம்பு மர லூருக்கு ஒத்து வராது, வாழை இலை மாதிரி தட்டையா விலா இருக்குற ஜிக்குக்கும் (ஆழத்துல விட்டு மேல சுண்டிச் சுண்டி இழுக்குற கனமான லூர்) ஈய லூருக்கும் தட்டை கிராங்குக்கும் (இழுக்குறப்ப ஆடி ஆடி முங்குற லூர்) பிரமாதம். வஞ்சிரம், சீலாவுக்கு தெளிஞ்ச கடல் தண்ணில ஜிக் போடுறவங்க இதையே எடுங்க. ஒரு பையன் மிக்சர் பாக்கெட் உள்பக்க வெள்ளிய வெட்டி ஒட்டிப் பாத்திருக்கான், அந்த ஃபிலிம்ல பசையே புடிக்காது, எபாக்சி காயுறதுக்குள்ளயே சுருண்டுச்சாம். கிஃப்ட் பேப்பர் அத விடப் பரவால்ல.

ரேக்குத் தாள் (ரொம்ப மெல்லிசா தட்டுன உலோகத் தகடு) ஒட்டலாமான்னு கேட்டவங்களுக்கு, அசல் வெள்ளி ரேக்கு அவ்ளோ அழகா படியும், விலைக்கு கட்டாது. வெள்ளின்னு விக்குற விலை கம்மி ரேக்கு பெரும்பாலும் அலுமினியம், தங்கம்னு விக்குற விலை கம்மி ரேக்கு பித்தளை, அந்தப் பித்தளை உப்புல பச்சை பூக்கும், தொடாதீங்க. தங்கக் கலர் வேணும்னா வெள்ளி டேப் மேலயே கண்ணாடில படம் வரையுற மஞ்சள் கிளாஸ் பெயிண்ட் ஒரு கோட் குடுங்க, அசல் பொன்னு மாதிரி வரும், வீராணம் பக்கம் விரால் போடுறவங்களுக்கு இதுதான் நான் குடுக்குறது. நகத்துக்குத் தேய்க்குற குரோம் பவுடர் ஃபேன்சி ஸ்டோர்ல கெடைக்குது, கண்ணுக்கும் கன்னத்துக்கும் ஒரு தொடு தொட நல்லா இருக்கு, முழு லூருக்கு வேணாம்.

இன்னொண்ணு, மினுக்குக்காகவே லூர் வேணும், மரம் செதுக்க நேரம் இல்லன்னா, வீட்டுல பழைய எவர்சில்வர் ஸ்பூன் ஒண்ணு எடுங்க. கைப்பிடிய அறுத்துட்டு குழிய மட்டும் வச்சு ரெண்டு முனையிலயும் ஓட்டை போட்டு, முன்னாடி ஒரு வளையம் பின்னாடி ஒரு வளையமும் கொக்கியும். ஃபாயிலும் வேணாம் எபாக்சியும் வேணாம், உப்பும் லேசுல ஒண்ணும் பண்ணாது. பாறைக்கு இத விட சல்லிசா ஒண்ணு இல்ல.

கிளியர் கோட்டுக்கு வருவோம், பாதி சண்டை இங்கதான். மேல எந்த மினுக்கு ஒட்டுனாலும் அது நிக்குறதும் போறதும் இந்தக் கோட்டால. கொடுவாவுக்கு நாய்ப்பல்லு கெடையாது, வாய் உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு இருக்கும், ஒரு மீன் ஏறுனா கிளியர் மங்கும், செப்பிலியும் சீலாவும் அப்படி இல்ல, பல்லு நேரா குத்தி இறங்கும். நெயில் பாலிஷ் ரெண்டு நாள் தாங்கும். கார் கிளியர் ரெண்டு பாகம் கலக்குறது நல்லா நிக்கும், ஆனா அந்த ஹார்டனர் புகை நுரையீரலுக்கு ஆகாது, சரியான மாஸ்க்கும் காத்தோட்டமும் இல்லாம வீட்டுல கை வைக்காதீங்க. யூவி ரெசின் நம்ம வெயில்ல நிமிஷத்துல கட்டியாகுது, சின்ன லூருக்கு, கண்ணு ஒட்ட, ரிப்பேருக்கு அருமை, ஆனா சில சரக்கு கண்ணாடி மாதிரி நொறுங்கும், பாலத் தூண்ல ஒரு தட்டு தட்டுனா சில்லு பேந்துடும். மெதுவா காயுற ரெண்டு பாக எபாக்சிதான் என் கை. டேப் மேல விரல் எண்ணெய் இருந்தா எபாக்சி புடிக்காம தோல் மாதிரி உரியும், அதனால ஸ்பிரிட்டால தொடைச்ச பிறகு வெறும் விரல் படக்கூடாது. வழவழ டேப்ப விட வரி பதிச்ச டேப்ல எபாக்சி கெட்டியா புடிக்குறதுக்கும் காரணம் அந்த வரிதான், கால் ஊன எடம் கெடைக்குது.

அளவு குப்பியில போட்டிருக்குற மாதிரியே, ஒண்ணுக்கு ஒண்ணா ரெண்டுக்கு ஒண்ணா மூணுக்கு ஒண்ணான்னு பாத்து, ஊசி இல்லாத சிரிஞ்சுல எடுங்க, கண்ணளவு வேணாம். மே மாச வெயில்ல கப்புல கலக்கி வச்சுட்டு ஃபோன் பேசப் போனா கப்பு சூடாகி கட்டி தட்டிடும், கலக்கினதும் தட்டையான மூடியில பரப்பி வச்சுக்குங்க, நேரம் கெடைக்கும். பெர்மனன்ட் மார்க்கர்ல வரி போட்டிருந்தா மொதல்ல தண்ணி கலந்து அடிக்குற கிளியர் ஒரு கோட் குடுத்துட்டுத்தான் எபாக்சி, இல்லன்னா கோடு கசிஞ்சு ஊதாக் கறை மாதிரி பரவிடும். பூசுனதும் சுத்திக்கிட்டே இருக்கணும், மைக்ரோவேவ் தட்டு சுத்துற மோட்டார் நிமிஷத்துக்கு 5, 6 சுத்து சுத்தும், அது போதும், 220 வோல்ட் போட்டதாப் பாத்து வாங்குங்க, 21 வோல்ட்டும் அதே உருவத்துல இருக்கு. ஈரக்காத்து நாள்ல காஞ்ச எபாக்சி மேல மெழுகு தடவுன மாதிரி ஒரு பிசுக்கு வரும், ரெண்டாவது கோட்டுக்கு முன்னாடி சோப்புத் தண்ணியில அத கழுவிடணும், அதுக்கப்புறம் லேசா உப்புத்தாள்.

எப்ப மினுக்கே வேணாம்னும் சொல்லணும். மழை பெய்ஞ்சு பெண்ணையாத்துல செந்தண்ணி வந்து முகத்துவாரம் டீ கலர்ல இருக்குறப்ப, கை முழங்கை வரைக்கும் விட்டா விரல் தெரியாத தண்ணில, வெளிச்சமே உள்ள போகாது, எத திருப்பிக் காட்டும். அப்ப வெள்ளை, கிளிப்பச்சை, கறுப்பு, கூடவே உள்ள குண்டு போட்டு கலகலன்னு சத்தம் வர்ற லூர். லேசா கலங்கல்னா அந்தப் பொன் கலரு. தெளிஞ்ச தண்ணி, காலை வெயில் சாய்வா விழுற நேரம், மாசி பங்குனில கழி கண்ணாடியா கெடக்குமே, அப்பதான் வெள்ளி.

அதனால தம்பி, உன் எட்டு லூர்ல நாலுக்கு வெள்ளி டேப் வரி பதிச்சு ஒட்டு, ரெண்டு வெள்ளி மேல மஞ்சள் கிளாஸ் பெயிண்ட், மீதி ரெண்ட வெள்ளையாவே விட்டு முதுகுல கிளிப்பச்சை மட்டும் போடு, அது மழைக்கு. ஒட்டி முடிச்சதும் எபாக்சிய நீயா கலக்காத, ஞாயித்துக்கெழம மோட்டார எடுத்துக்கிட்டு நான் வரேன், எட்டையும் ஒண்ணா சுத்த விடலாம். வளையத்த சுத்தி 2 மில்லி விட்டியான்னு அதுக்குள்ள ஒரு தடவ பாத்து வச்சிடு.